பி/ஈ நாலு என்றால் மலிவா?

2022 மே மாதத் தொடக்கத்தில் டாடா ஸ்டீல் தன் முழு வருடக் கணக்கை வெளியிட்டது. 2021-22 நிதியாண்டின் நிகர லாபம் 41,749 கோடி ரூபாய். அந்த நிறுவனம் அதுவரை பார்த்தேயிராத தொகை. பங்கு ஒன்றுக்குப் பிரித்தால் 332 ரூபாய். மார்ச் கடைசியில் பங்கின் விலையோ 1,300 ரூபாயை ஒட்டித்தான் இருந்தது. விலையை அந்த லாபத்தால் வகுத்துப் பார்த்தால் வருவதுதான் பி/ஈ விகிதம், நாலுக்கும் கொஞ்சம் கீழே. இதே லாபம் தொடர்ந்தால் நாலே வருடத்தில் தன் மொத்தச் சந்தை விலையையும் நிறுவனம் சம்பாதித்துவிடும் என்று அர்த்தம். நிஃப்டி குறியீடு மொத்தத்தின் பி/ஈ இருபதுக்கு மேல் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

அந்த வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா கேட்டார்: "டேய், டாடா கம்பெனி, பி/ஈ நாலு. சும்மா குடுக்குறான்டா. நீ எவ்வளவு வாங்கி வச்சிருக்க?" பத்து வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "பத்து வருஷம் முன்னாடி என்ன சம்பாதிச்சான்னு பாத்து இப்ப என்னடா ஆகப்போகுது?" என்றார். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா கேட்கிற ஆள் இல்லை. கேள்வியும் நியாயமானதுதான்.

முதலில் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2022-23-இல் லாபம் 8,075 கோடி. அடுத்த வருடம் 4,910 கோடி நஷ்டம். அதற்கடுத்த 2024-25-இல் 3,174 கோடி லாபம். மூன்று வருடத்தையும் கூட்டினால் 6,339 கோடி. 2022 மார்ச்சில் டாடா ஸ்டீலின் மொத்தச் சந்தை மதிப்பு ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி. நாலு வருடத்தில் சம்பாதித்துவிடும் என்று அந்த நாலு என்ற எண் சொன்ன தொகை அது. அதில் மூன்று வருடம் போன பிறகு கைக்கு வந்தது நூற்றுக்கு நாலு ரூபாய்.

உருக்கு விலை ஏறியதற்குக் காரணங்கள் இருந்தன. கோவிட் முடக்கத்துக்குப் பிறகு உலகம் முழுக்கத் தேவை எழுந்தது. சீனா தன் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது, உருக்கு ஏற்றுமதிக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையையும் 2021-இல் எடுத்துவிட்டது. பிறகு உக்ரைன் போர். அது இறங்கியதற்கும் காரணங்கள் இருந்தன. 2022 மே 21 அன்று இந்திய அரசு உருக்கு ஏற்றுமதிக்கு 15% வரி போட்டது; அடுத்த வர்த்தக நாளில் உருக்குப் பங்குகள் எல்லாம் சரிந்தன. அந்த வரியை நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள் என்றாலும் அதற்குள் உலகச் சந்தையிலேயே விலை இறங்கிவிட்டது. இதில் எதையும் 2022 மார்ச்சில் உட்கார்ந்து யாரும் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. உருக்கு விலை ஏறும், இறங்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்கலாம். அந்த ஒற்றை அறிவை ஒரு எண்ணாக மாற்றுவதுதான் நான் பார்க்கப்போன பத்து வருடச் சராசரி.

மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் போன வருடக் காய்ப்பை மட்டும் வைத்து விலை பேசமாட்டார். காய்த்த வருடம், பூ உதிர்ந்த வருடம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மனதுக்குள் ஒரு தொகை வைத்திருப்பார். பங்குக்கும் அதையே செய்யச் சொன்னவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்த பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும். 1934-இல் வந்த 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' புத்தகத்தில், ஒரு வருட லாபத்தை வைத்து விலை போடாதே, குறைந்தது ஐந்து வருடம், முடிந்தால் ஏழு அல்லது பத்து வருடச் சராசரியை எடு என்றார்கள். அந்தச் சராசரியைப் போல 16 மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினால் அதை முதலீடு என்று சொல்லிக்கொள்ளாதே என்றும் ஒரு வரம்பு வைத்தார்கள். 1929 வீழ்ச்சியில் சூடுபட்டவர்கள் எழுதிய புத்தகம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

பணவீக்கத்தைக் கழிக்கும் வேலை அவர்களிடம் இல்லை. அதைச் சேர்த்தவர்கள் ஜான் கேம்ப்பெல்லும் ராபர்ட் ஷில்லரும், 1988-இல். பழைய லாபங்களை எல்லாம் இன்றைய பணத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு சராசரி எடுத்து, இன்றைய விலையை அதால் வகுப்பது. இதற்கு ஆங்கிலச் சுருக்கம் கேப். ஷில்லர் பி/ஈ என்றும் சொல்வார்கள். அவர்கள் செய்தது தனிப் பங்குக்கு இல்லை, அமெரிக்கச் சந்தைக் குறியீட்டுக்கு. அந்த வித்தியாசம் முக்கியம், பின்னால் வருகிறேன்.

சரி, டாடா ஸ்டீல் கணக்கு. 2012-13 முதல் 2021-22 வரை, அந்தந்த வருட அறிக்கையில் வெளியான ஒருங்கிணைந்த (துணை நிறுவனங்களும் சேர்ந்த) நிகர லாபம், கோடியில்: 7,058 நஷ்டம், 3,595 லாபம், 3,926 நஷ்டம், 3,049 நஷ்டம், 4,169 நஷ்டம், 17,763 லாபம், 9,098 லாபம், 1,172 லாபம், 8,190 லாபம், கடைசியாக அந்த 41,749. கூட்டினால் 63,365. சராசரி 6,336 கோடி.

இப்போது பணவீக்கம். முறைப்படி நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுக்க வேண்டும். நமக்கு அதில் ஒரு தொல்லை உண்டு: கிராமமும் நகரமும் சேர்ந்த இன்றைய குறியீடு 2011-இல்தான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய வருடங்களுக்குத் தொழிலாளர்களுக்கான குறியீட்டை ஒட்டுப்போட வேண்டும். நான் குறுக்குவழியாக வருமான வரித் துறையின் செலவுப் பணவீக்கக் குறியீட்டை எடுத்துக்கொள்கிறேன். மனை விற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அட்டவணைதான். 2001-02-க்கு 100, 2012-13-க்கு 200, 2021-22-க்கு 317. 2024 பட்ஜெட்டுக்குப் பிறகு அதற்கு வேலை குறைந்துவிட்டது என்றாலும் வருடா வருடம் அறிவிப்பு வருகிறது. ஒரு குறை: நகர்ப்புற விலைவாசி ஏற்றத்தில் முக்கால் பங்கைத்தான் அது கணக்கில் எடுக்கும். வரித் துறை நமக்காக மனமிரங்கிச் செய்த அட்டவணை இல்லையே. ஆனால் பத்து வருட வரிசைக்கு இந்தக் குறை பெரிய தவறில் கொண்டுபோய் விடாது.

2012-13-இன் ஒவ்வொரு ரூபாயையும் 317/200-ஆல் பெருக்க வேண்டும். அதாவது அன்றைய நஷ்டம் 7,058 கோடி, 2022-இன் பணத்தில் 11,000 கோடிக்கு மேல். பலரும் இங்கே ஒன்றைக் கவனிப்பதில்லை: பணவீக்கம் பழைய லாபத்தை மட்டும் பெரிதாக்காது, பழைய நஷ்டத்தையும் பெரிதாக்கும். பத்து வருடத்தையும் இப்படி மாற்றிக் கூட்டினால் சுமார் 62,700 கோடி. மாற்றாமல் கூட்டிய தொகையைவிட ஒரு துளி குறைவு! முதல் ஐந்து வருடத்தில் நாலு நஷ்ட வருடங்கள் இருந்ததால் ஏறியதும் இறங்கியதும் சரிக்குச் சரியாகப் போயிற்று. சராசரி 6,270 கோடி. சந்தை மதிப்பு 1.6 லட்சம் கோடியை அதால் வகுத்தால் 25.

நாலு என்று சொன்ன அதே பங்கு, அதே நாள், 25.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இரண்டு வருடம் பின்னால் போனபோது கிடைத்தது. 2020 மார்ச் கடைசி. ஊரடங்கு தொடங்கிய வாரம். டாடா ஸ்டீல் பங்கு 270 ரூபாய். 2019-20-இன் லாபம் வெறும் 1,172 கோடி, பங்கு ஒன்றுக்குச் சுமார் 12 ரூபாய். பி/ஈ இருபதுக்கு மேல். உருக்கு நிறுவனத்துக்கு இருபதா என்று யாரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் 2010-11 முதலான பத்து வருட லாப நஷ்டங்களை அன்றைய பணத்துக்கு மாற்றிச் சராசரி எடுத்தால் 3,500 கோடி வருகிறது. அன்றைய சந்தை மதிப்பு முப்பதாயிரம் கோடி சொச்சம். சராசரி லாபத்தைப் போல ஒன்பது மடங்கு. 16-ஐ வரம்பாக வைத்த கிரஹாமே தலையாட்டியிருப்பார். அந்தப் பங்கு 2021 ஆகஸ்டில் 1,500-ஐத் தொட்டது.

ஆக, சாதாரண பி/ஈ இருபதைத் தாண்டி நின்றபோது பங்கு மலிவு. நாலில் இருந்தபோது மலிவு இல்லை. சுழற்சித் துறைகளில் இது விதிவிலக்கே கிடையாது, இயல்பே இதுதான். உருக்கு, சர்க்கரை, சிமெண்ட், கப்பல் வாடகை, ரசாயனம் எல்லாவற்றிலும் பார்க்கலாம். லாபம் உச்சத்தில் இருக்கும்போது சந்தை அந்த லாபத்தை நம்பாமல் குறைந்த மடங்கு கொடுக்கும். லாபம் பாதாளத்தில் இருக்கும்போது இது நிலைக்காது என்று அதிக மடங்கு கொடுக்கும். 2022-இல் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நூற்பாலைகள் நல்ல லாபம் பார்த்த வருடம் முடிந்த கையோடு பஞ்சு ஒரு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கடுத்த வருடம் மில்களின் கணக்கு எப்படி வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். பி/ஈ நாலு என்று தெரிந்தால், நம்மைத் தவிர மற்ற எல்லோரும் முட்டாள்கள் என்று நினைப்பதற்கு முன், மற்றவர்கள் ஏற்கெனவே சராசரி எடுத்துவிட்டார்களோ என்று யோசிப்பது நல்லது.

ஆனால் ஒன்று. 25 என்று கணக்குச் சொன்ன அந்தப் பங்கு விழுந்து நொறுங்கியதா என்றால் இல்லை. 2022 ஜூலையில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தார்கள், எனவே 1,300 என்பது 130 ஆயிற்று. ஒரு வருடம் கழித்து 105-ஐ ஒட்டி இருந்தது; 2024 மார்ச்சிலும் 2025 மார்ச்சிலும் 155 பக்கம். மூன்று வருடத்தில் இருபது சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே, ஈவுத்தொகை தனி. வங்கி டெபாசிட்டோடு போட்டிபோடக்கூடிய வருமானம், அவ்வளவுதான். பத்து வருடச் சராசரி என்பது விலை எப்போது இறங்கும் என்று சொல்லும் கருவி கிடையாது. இந்த விலைக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதன் எல்லையைக் காட்டும். அதை வைத்து 'விற்றுவிடு' என்று ஊருக்குச் சொல்கிறவர்களைப் பார்த்தால் நான் கொஞ்சம் ஒதுங்கிப் போய்விடுவேன்.

இந்த விஷயத்தில் ஷில்லருக்கே நடந்ததைப் பார்க்கலாம். 1996 டிசம்பர் தொடக்கத்தில் அவரும் கேம்ப்பெல்லும் அமெரிக்க மத்திய வங்கியில் போய்ச் சந்தை வரலாற்றுச் சராசரியைவிட வெகு உயரத்தில் இருக்கிறது என்று விளக்கினார்கள். அப்போது எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் கேப் 28 பக்கம். நீண்ட காலச் சராசரி 16, 17. இரண்டு நாள் கழித்து அதன் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் பகுத்தறிவற்ற உற்சாகம் பற்றிய தன் பிரபலமான பேச்சைப் பேசினார். குறியீடு அப்போது 750-க்குக் கொஞ்சம் கீழே. அது இறங்கவில்லை. 2000 மார்ச்சில் 1,527 வரை போய்விட்டது, கேப் 44-ஐத் தொட்டுவிட்டது. 1996-இல் விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தவர் மூன்று வருடத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் பணக்காரர் ஆவதை வேடிக்கை பார்த்திருப்பார். பிறகு சரிந்தது, 2009 மார்ச்சில் 676 வரை. எச்சரிக்கை சொன்ன நாளின் விலைக்கும் கீழே! அவர்கள் சொன்னது சரியாகிப்போக எடுத்துக்கொண்ட காலம் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். 2013-இல் ஷில்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறு விஷயம். கூடவே வாங்கியவர்களில் ஒருவர் யூஜின் ஃபாமா, விலையில் எல்லாத் தகவலும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்ற கட்சிக்காரர். பரிசுக் குழுவுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

2009-இல் இன்னொரு கூத்து. வங்கிகள் பெரும் நஷ்டத்தைக் கணக்கில் எழுதியதால் எஸ் அண்ட் பி 500-இன் ஒரு வருட லாபம் ஏறக்குறைய மறைந்தே போனது. ஏஐஜி என்ற ஒரே காப்பீட்டு நிறுவனம் 2008-இன் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் 61.7 பில்லியன் டாலர் நஷ்டம் காட்டியது. விளைவு, சந்தை அடிமட்டத்தில் கிடந்தபோது சாதாரண பி/ஈ நூறைத் தாண்டியது. அதைப் பார்த்தவருக்கு வரலாற்றிலேயே மிக விலை உயர்ந்த சந்தை. கேப் காட்டியது 13. டாடா ஸ்டீல் 2020-இல் காட்டிய அதே தலைகீழ்.

இப்போது குறியீட்டுக்கும் தனிப் பங்குக்கும் உள்ள வித்தியாசம். குறியீட்டில் ஐநூறு நிறுவனங்கள். ஒன்று செத்தால் இன்னொன்று உள்ளே வரும். பத்து வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் பொருளாதாரமும் இன்றையதும் ஏறத்தாழ ஒரே பிராணி என்று எடுத்துக்கொண்டால் பெரிய பிசகு இல்லை. தனி நிறுவனத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. சராசரியில் நான் சேர்த்த அந்தப் பத்து வருடமும் ஒரே டாடா ஸ்டீலா?

இல்லை. 2007-இல் அவர்கள் பிரிட்டனின் கோரஸ் நிறுவனத்தைப் பிரேசில் நிறுவனம் ஒன்றோடு ஏலத்தில் மோதி, சுமார் 12 பில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். அடுத்த வருடமே உலக நிதி நெருக்கடி. மேலே நான் கொடுத்த வரிசையில் இருக்கும் நஷ்டங்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை. 2012-13-இன் 7,058 கோடி நஷ்டம், முக்கியமாக அந்த ஐரோப்பியச் சொத்துகளின் மதிப்பைக் கணக்கில் வெட்டியதால். 2017-18-இன் 17,763 கோடி லாபத்தில் பெரும் பகுதி, பிரிட்டன் ஊழியர் பென்ஷன் திட்டத்தை மாற்றி அமைத்ததால் வந்த ஒருமுறைக் கணக்கு லாபம். ஒரு டன் உருக்குகூட விற்றுச் சம்பாதித்தது கிடையாது. இதற்கிடையே இந்தியத் தொழில், ஜாம்ஷெட்பூரும் பிறகு கலிங்கநகரும், வருடா வருடம் காசு ஈட்டிக்கொண்டிருந்தது. 2018-இல் திவால் சட்ட நடைமுறையில் பூஷண் ஸ்டீலை 35,000 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கியதும் இந்தக் கணக்குக்குள் பாதியில் நுழைகிறது. 2024-இல் வேல்ஸில் இருக்கும் போர்ட் டால்பட் ஆலையின் இரண்டு ஊது உலைகளையும் மூடிவிட்டார்கள். அங்கே இனி மின்வில் உலை (மின்சாரத்தால் உருக்கும் உலை) வரப்போகிறது, பிரிட்டன் அரசின் 50 கோடி பவுண்டு மானியத்தோடு. 2023-24-இல் வந்த நஷ்டத்துக்கு முக்கியக் காரணம் இந்த மூடுவிழாச் செலவுதான்.

இதை எல்லாம் சராசரியிலிருந்து எடுத்துவிடலாமா? நிறுவனங்கள் எடுத்துவிடச் சொல்லும். 'அசாதாரண இனங்கள் நீங்கலாக' என்று ஒரு வரி எல்லா அறிக்கையிலும் இருக்கும். என் கட்சி வேறு. ஒரு வருடக் கணக்கைப் பார்க்கும்போது அசாதாரண இனத்தைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பத்து வருடக் கணக்கில் தள்ளக் கூடாது. சொத்து மதிப்பை வெட்டுவது என்றால் என்ன? முன்பு எப்போதோ அதிக விலை கொடுத்து வாங்கிய பாவத்தை இப்போது எழுதுகிறார்கள். பத்து வருடத்தில் மூன்று முறை அசாதாரணம் நடந்தால் அது அந்த நிர்வாகத்துக்குச் சாதாரணம். ஆனால் மூடிய ஆலையின் நஷ்டம் 2032-33 கணக்கு வரை சராசரிக்குள் தங்கியிருக்கும் என்பதும் உண்மை. அதனால் நான் இரண்டு வரிசை வைத்துக்கொள்வேன்: மொத்த நிறுவனத்துக்கு ஒன்று, இந்தியத் தொழிலுக்கு மட்டும் தனியாக ஒன்று. தனித்த கணக்கு அறிக்கையிலேயே இருப்பதால் இதற்குப் பெரிய உழைப்பு வேண்டாம். இரண்டு விடையும் வெகு தூரத்தில் நின்றால், சர்ச்சை எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்துவிடும்.

பங்கு எண்ணிக்கையும் ஒரு தலைவலி. நான் மேலே மொத்த லாபத்தை மொத்தச் சந்தை மதிப்போடு ஒப்பிட்டேன். டாடா ஸ்டீல் 2018-இல் உரிமைப் பங்கு (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு விற்கும் புதுப் பங்கு) வெளியிட்டது, பங்குகள் கூடின. பழைய லாபம் குறைந்த பங்குகளுக்கு உரியது. கறாராகச் செய்வதென்றால் பங்கு ஒன்றின் லாபத்தை எடுத்து, இலவசமாகக் கொடுக்கும் போனஸ் பங்கையும் பங்குப் பிரிப்பையும் சரிக்கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். பிரிப்பை மறந்துவிட்டால் பத்து மடங்கு பிசகும், அந்தத் தவறு கண்ணுக்குப் பட்டென்று தெரிந்துவிடும். போனஸை மறந்தால் இரண்டு மடங்குதான் பிசகும், அது தெரியாமல் ஒளிந்துகொள்ளும், அதுதான் ஆபத்து.

சுழற்சி இல்லாத நிறுவனத்துக்கு இதே கணக்கைப் போட்டால் என்ன வரும்? டிசிஎஸ் எடுத்துக்கொள்வோம். 2014-15-இல் நிகர லாபம் 19,852 கோடி. 2023-24-இல் 45,908 கோடி. நடுவில் ஒரே ஒரு வருடம் லேசாகக் குறைந்தது, மற்றபடி ஏறுமுகம். 2024 மார்ச்சில் சந்தை மதிப்பு சுமார் 14 லட்சம் கோடி. ஒரு வருட பி/ஈ 30 சொச்சம். பத்து வருடச் சராசரியை அப்படியே எடுத்தால் 44. பணவீக்கத்தைச் சரிசெய்து எடுத்தால் 37.

இங்கே இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, பணவீக்கத்தைச் சேர்ப்பது நம் நாட்டில் அலங்காரம் கிடையாது. டாடா ஸ்டீலில் அது ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஒழுங்காக லாபம் ஈட்டும் நிறுவனத்தில் 44-ஐ 37 ஆக்குகிறது. வருடத்துக்கு ஐந்து சதவீதம் விலைவாசி ஏறும் ஊரில் 2015-இன் கோடியையும் 2024-இன் கோடியையும் ஒரே தராசில் வைத்தால் பழைய வருடங்களுக்கு அநியாயம் செய்கிறோம். இரண்டு, சரிசெய்த பிறகும் சராசரி எப்போதும் பின்தங்கியே நிற்கும். வளரும் நிறுவனத்துக்குப் பத்து வருடச் சராசரி என்பது ஐந்து வருடத்துக்கு முந்தைய நிறுவனத்தின் படம். அதை வைத்து 'விலை அதிகம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நல்ல நிறுவனம் எதையும் வாழ்நாளில் வாங்கமாட்டோம். டிசிஎஸ் போன்றவற்றுக்கு நான் இந்த எண்ணைப் பார்ப்பதே வேறு காரணத்துக்காக: ஒரு வருட பி/ஈக்கும் பத்து வருட பி/ஈக்கும் இடையிலான இடைவெளி, எவ்வளவு வளர்ச்சிக்கு நான் முன்பணம் கட்டுகிறேன் என்பதைக் காட்டும்.

பட்டியலில் ஏறி நாலைந்து வருடமே ஆன நிறுவனங்களுக்கு இந்த முறையை விட்டுவிடுவது நல்லது. பொதுத்துறை வங்கிகளுக்கு வேண்டுமானால் போட்டுப் பாருங்கள், 2015-16 முதல் வாராக்கடனுக்கு ஒதுக்கிய வருடங்கள் எப்படிச் சராசரியை இழுத்துப் பிடித்திருக்கின்றன என்று தெரியும்.

16 மடங்கு, 20 மடங்கு என்ற நிலையான வரம்புகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான் தலைகீழாக்கிப் பார்ப்பேன். 25 மடங்கு என்றால் நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் சராசரி லாபம். பணவீக்கத்தைச் சரிசெய்த லாபம் என்பதால் இந்த நாலு சதவீதத்தைப் பணவீக்கம் போக மிஞ்சும் வட்டியோடுதான் ஒப்பிட வேண்டும். 2022 மார்ச்சில் பத்து வருட அரசுப் பத்திரம் 6.8% கொடுத்தது, அந்த நிதியாண்டில் விலைவாசி சராசரியாக ஐந்தரை சதவீதம் ஏறியிருந்தது. கையில் நிற்பது ஒன்றேகால். உருக்கு ஆலையின் ஏற்ற இறக்கத்தை எல்லாம் தாங்கிக்கொள்வதற்குக் கூலி, அதற்கு மேல் இரண்டே முக்கால். 2020 மார்ச்சில் ஒன்பது மடங்கு என்றால் பதினோரு சதவீதம். அன்று கூலி தாராளம். பத்திர வட்டியையும் பங்கின் சராசரி வருமானத்தையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை 2020-இல் ஷில்லரே முன்வைத்தார். கேப் உயரமாகவே இருக்கிறதே, சந்தை ஏறிக்கொண்டே போகிறதே என்று பத்து வருடமாகக் கேட்டவர்களுக்கு அது ஒரு பதில்.

சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கை அனுப்பினேன். "சரி, அப்ப எப்ப வாங்கலாம்?" என்று கேட்டார். கம்பெனி சம்பாதிக்காத வருஷத்துல பாருங்க என்றேன். ஒரு கும்பிடு பொம்மை வந்தது. அவர் அந்தப் பங்கை வாங்கினார், இன்னும் வைத்திருக்கிறார். ஈவுத்தொகை வரும்போதெல்லாம் குழுவில் அறிவிப்பு வரும்.

கடைசியாக, சராசரி எடுப்பவரே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2024-25 வரையிலான பத்து வருடத்துக்கு டாடா ஸ்டீலின் லாபத்தைக் கூட்டினால், பணவீக்கத்தைத் தொடாமல், 77,093 கோடி. சராசரி 7,709. 2025 மார்ச் விலையில் சந்தை மதிப்பு 1.9 லட்சம் கோடிக்கு மேல். மறுபடியும் 25 மடங்கு. முன்னைவிட லாபச் சராசரி கூடியிருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் அந்த 77,093-இல் 41,749 ஒரே வருடத்தில் வந்தது. அதை எடுத்துவிட்டு மீதி ஒன்பது வருடத்துக்குச் சராசரி பார்த்தால் 3,900 கோடி சொச்சம். மடங்கு 49. சராசரிக்குப் பதிலாக வரிசையின் நடு எண்ணை எடுத்தால் 5,600 பக்கம் வருகிறது, மடங்கு 34. அந்த ஒரு வருடம் 2030-31 கணக்கு வரைக்கும் பத்து வருட ஜன்னலுக்குள் இருக்கும். அதுவரை என் எக்செல் தாளில் டாடா ஸ்டீலுக்கு மட்டும் மூன்று கட்டங்கள்: 25, 34, 49.